குன்னூர்–ஊட்டி தினமும் போய்வர கார்பன் எலெக்ட்ரிக் சைக்கிள் சரிப்படுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். வீடு குன்னூரில், பெட்போர்டுக்குக் கீழே, ரோட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டிய வீடு. வேலை ஊட்டியில், சேரிங்கிராஸ் பக்கம். ஜெர்மனியில் இருக்கும் மச்சான் தான் ஓட்டிக்கொண்டிருந்த கார்பன் எலெக்ட்ரிக் சைக்கிளை, அதாவது கார்பன் இழையில் பிரேம் செய்த வண்டியைத் தருகிறேன் என்கிறார். எடை 13 கிலோ, பின் சக்கரத்துக்குள் மோட்டார், 250 வாட்-அவர் பேட்டரி (கால் யூனிட் மின்சாரம் பிடிக்கும்). இதை வைத்து தினமும் வேலைக்குப் போய்வர முடியுமா, இல்லை ஞாயிற்றுக்கிழமை டீத்தோட்டத்துக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுக்கத்தான் ஆகுமா?

போய்வர முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் எடையைப் பற்றித்தான் இருக்கிறது. பிரேக் என்ன பிரேக், பின்னால் பெரிய பல்சக்கரம் எத்தனை பல், கேரியர் மாட்ட ஓட்டை இருக்கிறதா, ஒன்றுமே சொல்லவில்லை. மலையில் தினசரி ஓட்டும் வண்டிக்கு எடை நாலாவதோ ஐந்தாவதோ வர வேண்டிய விஷயம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் வண்டி இங்கே வந்து சேருமா என்பதையே பார்க்க வேண்டும்.

பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரி 100 வாட்-அவர் வரை சாதாரணமாகக் கொண்டுவரலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் உண்டு. அதற்கு மேலே போனால் கைப்பையிலும் கிடையாது, லக்கேஜிலும் கிடையாது. மச்சானுடைய வண்டியில் 250. ஆக, சைக்கிள் பெட்டியில் வரும், பேட்டரி வராது. சரக்காக அனுப்ப வழி இருக்கிறது, ஆபத்தான சரக்கு என்று அறிவித்து, அதற்கென்று உள்ள பெட்டியில், யூஎன் 38.3 என்ற லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனைச் சான்றோடு அனுப்ப வேண்டும், செலவும் அலைச்சலும் கொஞ்சமில்லை, இங்கே சுங்க வரி வேறு. இந்த மெல்லிசு வண்டிகளில் பேட்டரி பெரும்பாலும் பிரேமின் கீழ்க்குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும், அந்த பிரேமுக்கென்றே செய்த நீள உருளை, கோயம்புத்தூரில் போய் "இதே மாதிரி ஒன்று கொடுங்க" என்று வாங்கிவிட முடியாது. மோட்டார் கம்பெனியின் பேட்டரிதான் வேண்டும், வேறு எதை மாட்டினாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளாத வண்டிகள் நிறைய. இதற்கு மச்சானிடம் பதில் இல்லை என்றால் மீதியைப் படிப்பது நீங்கள் இங்கேயே ஒன்று வாங்கும்போது உதவும், அவ்வளவுதான்.

சரி, பேட்டரி எப்படியோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வருவோம்.

குன்னூர் ரயில் நிலையத்தின் உயரம் சுமார் 1,710 மீட்டர், ஊட்டி நிலையம் சுமார் 2,200. நடுவில் 490 மீட்டர் ஏற்றம், ரோட்டில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நீங்கள் 70 கிலோ, சைக்கிள் 13, பை, பூட்டு, சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் சேர்த்து 7, ஆக 90 கிலோ. இந்த 90 கிலோவை 490 மீட்டர் மேலே தூக்க 120 வாட்-அவர் வேண்டும், இது பள்ளிக்கூட இயற்பியல், யாரும் மாற்ற முடியாது. டயர் உருளும் தடை, காற்றுத் தடை எல்லாம் சேர்த்தால் மொத்தம் 185 பக்கம் வரும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்வீர்கள். அந்த நேரம் முழுக்க 100 வாட் மிதித்தால், அதாவது மூச்சு கொஞ்சம் வாங்கும், பேச முடியும் என்கிற அளவுக்கு மிதித்தால், உங்கள் கால் கொடுப்பதே 120. மோட்டார் கொடுக்க வேண்டியது 65. பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தில் முக்கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்தால் பேட்டரியில் 90 வரை குறையும். சட்டை கசங்காமல் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், சும்மா கால் சுற்றினால் போதும் என்றால் 140 குறையும். இரண்டு வகையிலும் 250 போதும். திரும்பி வருவது பெரும்பாலும் இறக்கம், மோட்டாருக்கு வேலையே இல்லை.

இப்போது இதே கணக்கை 25 கிலோ சைக்கிளுக்குப் போடுங்கள், இங்கே கடைகளில் கிடைக்கும் சாதாரண எலெக்ட்ரிக் சைக்கிள் கிட்டத்தட்ட அந்த எடை. 12 கிலோ கூடுதல். அதை ஊட்டிவரை தூக்க எவ்வளவு கூடுதலாக வேண்டும் தெரியுமா? 16 வாட்-அவர். அவ்வளவேதான். பேட்டரியை ஒரு சின்ன அளவு பெரிதாகப் போட்டால் தீர்ந்தது. லட்சக்கணக்கில் கொடுத்து எடையைக் குறைத்து ரோட்டில் மிச்சம் பிடிப்பது இந்த 16தான். மோட்டார் இல்லாத சைக்கிளில் எடை உங்கள் தொடையில் தெரியும், மோட்டார் வைத்த பிறகு அது பேட்டரியில் போய்த் தெரிகிறது, பேட்டரிக்கு வலிக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வண்டி 13 கிலோவில் இருப்பதற்குக் கார்பன் முதல் காரணம் கிடையாது. நல்ல கார்பன் பிரேம் ஒரு கிலோவைச் சுற்றி இருக்கும், நல்ல அலுமினியம் பிரேம் ஒன்றரை, இரண்டு. வித்தியாசம் ஒரு கிலோ. மீதி எடை எங்கே குறைந்தது? சின்ன மோட்டார், சின்ன பேட்டரி, முன்னால் சஸ்பென்ஷன் இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை. பெடல் அச்சில் மாட்டும் வகையில் டிகியூ நிறுவனத்தின் எச்பிஆர்50 மோட்டார் 1.85 கிலோதான், பின் சக்கர வகையில் மாலே எக்ஸ்20 மோட்டார் 1.4 கிலோ. மலைப் பாதைக்கென்று வரும் பெரிய மோட்டார்கள் தனியாகவே இரண்டரை, மூன்று கிலோ, அதற்கேற்ற பேட்டரி இன்னொரு மூன்று. ஆகவே "கார்பன் என்பதால் லேசு" என்று விளம்பரம் சொல்வதில் பாதி உண்மைதான். தினசரி வண்டியாக்க நீங்கள் மட்கார்டு, கேரியர், லைட்டு, ஒன்றரை கிலோ பூட்டு எல்லாம் மாட்டியதும் 13 என்பது 16 ஆகியிருக்கும்.

அப்படியானால் லேசான வண்டியால் பிரயோஜனமே இல்லையா என்றால், உங்கள் வீட்டுக்கு இருக்கிறது. ரோட்டிலிருந்து படி இறங்கும் வீடு என்கிறீர்கள். நம் ஊரில் பாதி வீடு அப்படித்தான், ஒன்று ரோட்டுக்கு மேலே, இல்லை ரோட்டுக்குக் கீழே. ஐப்பசி மழையில் பாசி பிடித்த சிமெண்டுப் படி, ஒரு கையில் குடை, தோளில் பை. இதில் 25 கிலோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் இறங்கினால் இடுப்பு பதில் சொல்லும். எட்டாவது நாள் வண்டி ரோட்டோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும். 13 கிலோ என்றால் நடுக் குழாயைத் தோளில் மாட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து இறங்கிவிடலாம். பேட்டரியைக் கழற்ற முடியாத வண்டியாக இருந்தால் சார்ஜ் போடவும் முழு வண்டியையும் வீட்டுக்குள் கொண்டுபோயே ஆக வேண்டும், அப்போது இது இன்னும் முக்கியம். கேட்டுக்குள் நேரே உருட்டிக்கொண்டு போகிற வீடாக இருந்திருந்தால் கார்பன் பக்கமே திரும்பாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், குன்னூர்–ஊட்டி மெயின் ரோடு அவ்வளவு செங்குத்து கிடையாது. 18 கிலோமீட்டருக்கு 490 மீட்டர் என்றால் சராசரி 3 சதவீதத்துக்கும் கீழே. நம் மலை ரயிலையே பாருங்கள், கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12-க்கு 1 என்ற ஏற்றம், பல்சக்கரத் தண்டவாளம் இல்லாமல் முடியாது. குன்னூரில் பல்சக்கரத்தை விட்டுவிட்டு ஊட்டிவரை சாதாரணத் தண்டவாளத்திலேயே ஏறிவிடும். ரோடும் அப்படித்தான். அருவங்காடு தாண்டி எல்லநள்ளி பக்கம் சில இடங்களில் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். (மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறப் பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு. 1,385 மீட்டர் ஏற்றம், தூக்குவதற்கு மட்டும் 340 வாட்-அவர். பாதி மலையில் பேட்டரி கை விரித்துவிடும், பர்லியாரில் பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மிதிக்க வேண்டியதுதான்.)

சோதனை மெயின் ரோட்டில் இல்லை, மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில். நூறு, இருநூறு மீட்டர்தான் இருக்கும், ஆனால் 15 சதவீதம் சாதாரணமாக வரும். ஜீப்பே ஃபர்ஸ்ட் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் சந்துகள் இருக்கின்றன, தெரியும்தானே. பின் சக்கர மோட்டாரின் பலவீனம் அங்கேதான் தெரியும். அது சக்கரத்தோடு பிணைந்தது, சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 50 சுற்றுகூட இல்லை. அந்த வேகத்தில் உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும், நீண்ட நேரம் அப்படி ஏறினால் மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பெடல் அச்சில் இருக்கும் மோட்டாருக்கு இந்தத் தொல்லை குறைவு. நீங்கள் கியரைக் குறைத்தால் அதுவும் வசதியான வேகத்தில் சுற்றும், செயின் வழியாக விசை பெருகிச் சக்கரத்துக்குப் போகும்.

ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெடல் மோட்டாரின் சுற்றும் விசை 50 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தால் அது பெடல் அச்சில். முன்னால் 42 பல், பின்னால் பெரியது 36 பல் என்றால் சக்கரத்துக்குப் போவது 43 மட்டுமே. முன்னால் 34, பின்னால் 42 வைத்தால் அதே மோட்டார் சக்கரத்தில் 60-க்கு மேல் கொடுக்கும். மோட்டாரை மாற்றாமல், பல்சக்கரத்தை மாற்றி மட்டும். ஐரோப்பாவில் சமதளத்து நகரங்களுக்கென்று செய்த மெல்லிசு கார்பன் வண்டிகளில் முன்னால் பெரிய சக்கரம்தான் இருக்கும். சிலதில் கியரே கிடையாது, பெல்ட் ஒன்று, வேகம் ஒன்று. பார்க்க அழகு, எண்ணெய் அழுக்கு இல்லை, பேன்ட்டில் கறை படாது. மச்சானுடையது அந்த மாதிரி கியர் இல்லாத பெல்ட் வண்டி என்றால் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அது நம் ஊருக்கு ஆகாது. கியர் உண்டு என்றால், பின்னால் பெரிய பல்சக்கரம் முன்னால் இருப்பதற்குக் குறைந்தபட்சம் சமமாகவாவது இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் நல்லது. பேட்டரி தீர்ந்துபோன அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பெரிய பல்சக்கரம்தான்.

இனி பிரேக்.

ஏறுவதற்கு மோட்டார் உதவும், இறங்குவதற்கு யாரும் உதவ மாட்டார்கள். மலை ரோட்டில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் போர்டு வைத்திருக்கிறார்கள், லாரிக்கும் காருக்கும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு எஞ்சின் பிரேக் கிடையாது. "இறங்கும்போது சார்ஜ் ஏறுமா" என்று பலர் கேட்கிறார்கள். இந்த வகை வண்டிகளில் ஏறாது. பெடல் மோட்டாரில் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஃப்ரீவீல் இருக்கிறது, பின் சக்கர மோட்டாரிலும் கியர் உள்ள சின்ன வகையில் உள்ளே ஒரு கிளட்ச் விட்டுவிடும். மோட்டார் சக்கரத்தோடு நேரடியாகச் சுற்றும் கனமான வகையில் மட்டும் அது சாத்தியம், அது 13 கிலோ வண்டியில் இருக்காது. ஆகவே மேலே ஏறச் செலவழித்த 120 வாட்-அவரும் இறங்கும்போது எங்காவது போய்த் தீர வேண்டும். பாதியைக் காற்றும் டயரும் தின்றுகொண்டாலும் மீதிப் பாதி பிரேக் தட்டில்தான் சூடாக இறங்கும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது, இரண்டு மெல்லிய இரும்புத் தட்டில்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் கார்பன் ரிம்மும் சேர்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம், நீண்ட இறக்கத்தில் கார்பன் ரிம் சூட்டில் இளகிப் பிய்ந்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு, மழையிலும் பிடிக்காது. ஹைட்ராலிக் டிஸ்க்தான் வேண்டும், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டை எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக். தட்டு 160 மில்லிமீட்டர் என்றால் சமாளிக்கலாம், முன்னாலாவது 180 இருந்தால் நிம்மதி. ஆனால் மெல்லிசு கார்பன் ஃபோர்க்குகள் பலதில் 160-க்கு மேல் மாட்டக் கம்பெனியே அனுமதிக்காது, அதையும் பார்க்க வேண்டும். தட்டைப் பிடிக்கும் பேடு, வண்டியோடு மாட்டி வருவது பெரும்பாலும் பிசின் வகை, சத்தமில்லாமல் மெதுவாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அதன் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகிவிடும், அதற்கப்புறம் லீவரை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கழற்றிப் பார்த்தால் தெரியும், நல்ல பேடு சொரசொரவென்று மங்கலாக இருக்கும், சூடு பட்டது மினுங்கும், தட்டின் ஓரம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். நமக்கு உலோகத் தூள் கலந்த பேடுதான் சரி, ஈரத்தில் கொஞ்சம் கத்தும், கத்தட்டும், மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் தேயாது. தட்டும் அந்தப் பேடுக்கு ஏற்ற வகையா என்று பார்த்து மாட்டுங்கள், "பிசின் பேடு மட்டும்" என்று தட்டிலேயே பொறித்திருக்கும் மலிவு வகைகள் உண்டு. இறங்கும்போது பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராதீர்கள், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள், விட்ட நேரத்தில் காற்று பட்டுத் தட்டு ஆறும்.

எடை இங்கே கொஞ்சம் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், லேசான வண்டியை நிறுத்தச் சூடு குறைவு. ஆனால் 90 கிலோவா 102 கிலோவா என்பதைவிடத் தட்டு எவ்வளவு பெரிது, பேடு என்ன வகை என்பது பல மடங்கு முக்கியம்.

டயர். மச்சானுடைய வண்டியில் 28 அல்லது 32 மில்லிமீட்டர் இருக்கும். அங்கே ரோடு அப்படி. இங்கே ஒட்டுப்போட்ட தார், மழை அரித்த ஓரம், நிழலில் பாசி, வெயிலே படாத வளைவில் நனைந்து கிடக்கும் கற்பூர மர இலை. 38, 40 போட பிரேமில் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேலே மட்கார்டுக்கும் இடம் இருக்க வேண்டும். மட்கார்டு இல்லாமல் ஜூன் முதல் டிசம்பர் வரை வேலைக்குப் போக முடியாது. ஊட்டிப் பக்கம் தென்மேற்கு நனைக்கும், அது ஓய்வதற்குள் குன்னூரில் வடகிழக்கு ஆரம்பித்துவிடும். உங்களுக்கு இரண்டும் கிடைக்கும்.

மழை மின்சாரப் பாகத்தை என்ன செய்யும்? தூறலில் ஓட்டுவதற்கு ஒன்றும் ஆகாது, அதற்கென்றுதான் அடைத்திருக்கிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினால்தான் வம்பு, அதுவும் சர்வீஸ் ஸ்டேஷன் பம்பு. இன்னொன்று, பேட்டரியை உள்ளே ஒளித்த வண்டிகள் சிலவற்றில் சார்ஜ் போடும் ஓட்டை பெடல் அச்சுக்குச் சற்று மேலேயே இருக்கும், ஒரு ரப்பர் மூடி, அவ்வளவுதான் பாதுகாப்பு. முன் சக்கரம் அள்ளும் சேற்றுத் தண்ணீர் நேராக அங்கேதான் வந்து அடிக்கும். மூடியைத் திறப்பதற்கு முன்னால் சுற்றிலும் துணியால் துடைத்து, ஈரம் காய்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும், இருட்டில் அவசரமாகச் சொருகும் பழக்கம் வேண்டாம்.

குளிர். ஜனவரியில் காலை ஐந்து டிகிரியில் கிளம்பினால் பேட்டரி பத்து சதவீதமோ கொஞ்சம் கூடவோ குறைவாகத்தான் கொடுக்கும், மதியம் சரியாகிவிடும், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் போடுவதுதான் தப்பு, உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். குன்னூரில் அந்தக் கவலை அரிது. ஊட்டியில், தலைக்குந்தா பக்கம் இருப்பவர்கள் உறைபனிக் காலத்தில் வெளித் திண்ணையில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். மச்சானுடைய பேட்டரி சில வருடம் ஓடியதாக இருந்தால் 250 என்பது 200 ஆகியிருக்கும், குளிர் நாளில் 180. மேலே சொன்ன 140-க்கு அப்போதும் இடம் இருக்கிறது, ஆனால் எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்த நாளில் ஒட்டி ஒட்டித்தான் வரும். வேலை செய்யும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்டு கேட்டு வையுங்கள், முழு சார்ஜே கால் யூனிட்தான், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது மூடுபனி. லைட்டை ஹேண்டிலுக்கு மேலே உயரமாகக் கட்டினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், கீழே, ஃபோர்க் பக்கம் மாட்டுங்கள், நிறம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் நல்லது. பின் லைட்டு இரண்டு, ஒன்று அணைந்தாலும் இன்னொன்று இருக்கும். அப்புறம் காட்டெருமை. இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது, இறக்கத்தில் சுத்தமாகக் கிடையாது. ஸ்கூட்டர் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும் மாடு, நீங்கள் வருவதைக் கவனிக்காது. பனியில் கறுப்பு உடம்பு தெரியாது, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும் கால்கள்தான் முதலில் தெரியும், அதற்குள் நீங்கள் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டிருப்பீர்கள். ஒரு டன் வரை எடையுள்ள ஆள், திடுக்கிட்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. டீத்தோட்ட வளைவுகளில் திரும்புவதற்கு முன்னால் பெல்லை அடியுங்கள், சின்ன டிங் பெல் போதாது, நல்ல கனமான பழைய பித்தளை பெல் வாங்கி மாட்டுங்கள். மாடு வழியில் நின்றால் நீங்களும் நில்லுங்கள், அது போன பிறகு போங்கள்.

கார்பனுக்கென்று உள்ள கவனங்கள் சில. அது துருப்பிடிக்காது, நம் ஈரத்துக்கு அது நல்லது. ஆனால் அலுமினிய சீட் கம்பி கார்பன் குழாய்க்குள் ஈரத்தோடு வருடக்கணக்கில் கிடந்தால் அலுமினியம் அரித்துப் பூத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. கார்பனுக்கென்று ஒரு பசை விற்கிறது, தடவி மாட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடையுங்கள். போல்ட்டை முடுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும், சீட் கம்பிக்கு 5 நியூட்டன் மீட்டர் பக்கம், பிரேமிலேயே எழுதியிருக்கும். தெருமுனைக் கடையில் "இன்னும் ஒரு சுற்று" என்று முடுக்கினால் குழாய் நசுங்கும், வெளியே பெயிண்டில் தெரியாமல் உள்ளே விரிசல் விடும். கல்லில் விழுந்து அடிபட்டால் அந்த இடத்தை நாணயத்தால் தட்டிப் பாருங்கள், மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மட்டும் மொத்தென்றும் கேட்டால் ஓட்டாதீர்கள். பேருந்து, ஜீப் மேலே கயிறு போட்டுக் கட்டுவதும் கூடாது. இரும்பு சைக்கிளை நாம் நடத்துகிற மாதிரி இதை நடத்த முடியாது என்பதுதான் தினசரி வண்டியாக இதன் பெரிய குறை, எடைக்கு ஈடாகக் கொடுக்கும் விலை அது.

கேரியர் விஷயத்தில் நிறைய பேர் வாங்கிய பிறகுதான் விழிப்பார்கள். பல கார்பன் பிரேம்களில் கேரியர் மாட்ட ஓட்டையே இல்லை. முதுகில் 7 கிலோ பையோடு ஒரு மணி நேரம் ஏறினால், எவ்வளவு குளிராக இருந்தாலும் முதுகு நனைந்துவிடும். எனக்கு இந்த ஒரு விஷயமே போதும் வேண்டாம் என்று சொல்ல, சிலருக்கு முதுகுப் பை பழக்கமாக இருக்கும்.

லைசன்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். மோட்டார் 0.25 கிலோவாட் அளவுக்குள், உதவும் வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டியை நம் சட்டம் சைக்கிளாகத்தான் பார்க்கிறது, பதிவு, லைசன்ஸ் தேவையில்லை. ஜெர்மனியில் 45 கிலோமீட்டர் வரை உதவும் இன்னொரு வகை உண்டு, அதற்குப் பின்னால் சின்ன இன்ஷூரன்ஸ் நம்பர் பிளேட்டு இருக்கும். அந்த பிளேட்டு படத்தில் தெரிந்தால் இங்கே அது சைக்கிள் கணக்கில் வராது.

என் முடிவு இது. வண்டி சும்மா கிடைக்கிறது, பேட்டரியை முறையாக அனுப்ப மச்சான் வழி செய்கிறார், பின்னால் பெரிய பல்சக்கரம் இருக்கிறது, டிஸ்க் பிரேக், 38 டயருக்கும் மட்கார்டுக்கும் இடம் இருக்கிறது என்றால், படி இறங்கும் வீட்டில் இருக்கும் உங்களுக்கு அது நல்ல வண்டி, வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கியரோ பிரேக்கோ சொன்னபடி இல்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதென்றால் கார்பனுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். பெடல் அச்சில் மோட்டார், கழற்றக்கூடிய பேட்டரி, அலுமினியம் பிரேம், 18 முதல் 20 கிலோ, அதைத் தேடுங்கள். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் மீதி 16, 17 கிலோவைப் படியில் தூக்கிவிடலாம், பேட்டரி கெட்டால் வேறு மாற்றலாம். அதுவும் வேண்டாம், மிதிக்கும் ஆசையே இல்லை, வேலைக்குப் போனால் போதும் என்றால் கார்பன் வண்டி விலையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரே வாங்கிவிடலாம், பல ஸ்கூட்டர்களில் இறக்கத்தில் சார்ஜும் ஏறும். ஸ்கூட்டரைப் படியில் தூக்க முடியாது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மச்சானிடம் இப்போதே கேட்க வேண்டியது வண்டியின் இடது, வலது பக்கப் படம், பின் பல்சக்கரம் அருகில் எடுத்த படம், பிரேக் தட்டில் பொறித்திருக்கும் எழுத்து, பேட்டரியின் லேபிள். எடுப்பதென்று முடிவானால் பெட்டியில் இரண்டு சாமான் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். ஒன்று, பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், விரல் நீளம்கூட இருக்காது, ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வடிவம், வண்டி வலது பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், வளைந்தால் கியர் விழாது, குன்னூரிலும் கிடைக்காது கோயம்புத்தூரிலும் கிடைக்காது. இரண்டாவது, பின் சக்கர மோட்டாருக்கான ஸ்போக்ஸ் கம்பி ஒரு பத்து, அந்த நீளம் சாதாரண சக்கரத்துக்கு உள்ளதைவிடக் குறைவு, வெட்டி மரை போட இங்கே ஆள் தேட வேண்டியிருக்கும்.